ஹட்செப்சுட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம், வரலாறு எழுதப் பழகும் சில இளைஞர்களின் கட்டுரைகள் திருத்துவதற்காக என்னிடம் வந்தன. எல்லாருக்கும் ஒரே பொருள்: எகிப்தின் 18ஆம் வம்சத்துப் பெண் அரசர் ஹட்செப்சுட்டும் அவருடைய அரசவையும். முதல் மூன்றைப் படித்தபோது சிரிப்பு வந்தது. பதினைந்து வருஷத்துக்கு முன் நான் எங்கெங்கே வழுக்கி விழுந்தேனோ, அதே இடங்களில் வரிசையாக விழுந்திருந்தார்கள். நாலாவது கட்டுரையில் ஒரு வாக்கியத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அதைப் பிறகு சொல்கிறேன்.

எழுத்துப்பிழை, படத்துக்குக் கீழே தப்பான பெயர், கி.மு.வைக் கி.பி. ஆக்குவது போன்றவற்றை இங்கே எடுக்கவில்லை. இன்னொரு முறை வாசித்தால் அவை உங்கள் கண்ணிலேயே படும்.

"எகிப்தை ஆண்ட முதல் பெண்"

இல்லை. ஏறக்குறைய 300 ஆண்டுகளுக்கு முன்பே, 12ஆம் வம்சத்தின் கடைசியில், சோபெக்நெஃப்ரு முழு அரசப் பட்டங்களோடு ஆண்டிருக்கிறார்.

யாருடைய ஆண்டு?

"ஹட்செப்சுட் அரசரான 9ஆம் ஆண்டில் புன்ட் நாட்டுக்குக் கப்பல் அனுப்பினார்" என்று எழுதிவிடுகிறோம். கல்வெட்டு சொல்லும் 9ஆம் ஆண்டு அவருடையது அல்ல. அவர் தனக்கென்று புதுக் கணக்கு தொடங்கவே இல்லை. சிறுவனாகப் பட்டத்துக்கு வந்த மூன்றாம் துட்மோஸின் ஆண்டுக் கணக்கையே தானும் பின்பற்றினார். பொதுவாகச் சொல்லப்படும் கணக்குப்படி முதலாம் ஆண்டு கி.மு. 1479. தொடக்கத்தில் அவர் பையனுக்காக ஆட்சியைப் பார்த்துக்கொண்டவர் மட்டுமே. முழு அரசராக ஆனது பிறகுதான்.

எப்போது என்பதைச் சில ஜாடிகள் காட்டிக்கொடுத்தன. அவருடைய அரசவையில் கொடிகட்டிப் பறந்த செனென்முட் என்ற அதிகாரி, தன் பெற்றோர் ராமோஸையும் ஹட்நோஃபெரையும் தன் கல்லறைக்குக் கீழே உள்ள சரிவில் அடக்கம் செய்திருந்தார். அந்த அறை 1935–36இல் யாரும் தொடாத நிலையில் கிடைத்தது. உள்ளே இருந்த ஜாடிகளில் ஒன்றில் "ஆண்டு 7" என்று எழுதியிருக்கிறது. இன்னொன்றில் "தேவனின் மனைவி ஹட்செப்சுட்" என்ற முத்திரை. வேறு இரண்டில் "நல்ல தேவி மாஅத்காரே". மாஅத்காரே என்பது அவர் அரசரானபோது சூட்டிக்கொண்ட பெயர். பழைய பட்டமும் புதுப் பட்டமும் ஒரே அறையில், ஒரே சமயத்தில் புழங்கியிருக்கின்றன. ஆக, 7ஆம் ஆண்டுக்குள் மாற்றம் நடந்துவிட்டது. போர் இல்லை, சதி இல்லை, நாலு மண்ஜாடிதான் சாட்சி. எனக்கு இந்த ஜாடிகள்மேல் தனிப் பிரியம்.

பழிவாங்கிய மகன்

இதுதான் என் காசையும் தூக்கத்தையும் தின்ற தவறு.

கதை இப்படிப் போகும். கணவர் இரண்டாம் துட்மோஸ் இறந்துவிடுகிறார். வாரிசு, ஐசிஸ் என்ற இன்னொரு மனைவி பெற்ற சின்னப் பையன் மூன்றாம் துட்மோஸ். சித்தி ஹட்செப்சுட் ஆட்சியைப் பிடுங்கிக்கொண்டு பையனை மூலையில் உட்கார வைக்கிறார். இருபது வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த பையன், அவர் கண்ணை மூடியதும் உளியைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறான். பெயரைச் சுரண்டுகிறான், சிலையை உடைக்கிறான்.

ராத்திரி ஏழரை மணித் தொடருக்கு அளவெடுத்துத் தைத்த கதை. நாமாகக் கட்டியதும் அல்ல. ஐரோப்பிய, அமெரிக்க அறிஞர்களே வெகுகாலம் இதை நம்பினார்கள். 1920களில் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்காக டெயர் எல்-பஹ்ரியில் தோண்டிய ஹெர்பர்ட் வின்லாக், ஹட்செப்சுட்டின் கோயிலுக்குப் பக்கத்துக் குழிகளிலிருந்து உடைந்த சிலைகளைக் குவியல் குவியலாக வெளியே எடுத்தார். அந்தக் குவியலைப் பார்த்தால் ஆத்திரம் என்று தோன்றத்தான் செய்யும்.

நானும் அப்படியே விழுங்கினேன். ஒரு சின்னப் புத்தகம், 300 பிரதி, சொந்தச் செலவு. ஒரு வாடகை நூலகத்தின் மாடியில் வெளியீட்டுக் கூட்டம். பேசி முடித்ததும் கடைசி வரிசையிலிருந்து ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் எழுந்தார்.

"தம்பி, அந்தம்மா செத்து எத்தனை வருஷம் கழிச்சு இவர் பேரை அழிச்சாரு?"

"உடனே சார்."

"உடனேன்னு எந்தக் கல்வெட்டுல இருக்கு?"

எனக்கு வாய் வரவில்லை. அவர் குற்றம் கண்டுபிடிக்கக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அது இன்னும் மோசமாக இருந்தது.

விடை 1966லேயே அச்சாகியிருந்தது. சார்லஸ் நிம்ஸ் என்ற அறிஞர், கார்னாக் கோயிலில் எந்தக் கட்டுமானம் முந்தியது, எது பிந்தியது என்று வரிசைப்படுத்திப் பார்த்து, அழிப்பு வேலை மூன்றாம் துட்மோஸின் 42ஆம் ஆட்சியாண்டை ஒட்டித்தான் நடந்திருக்க வேண்டும் என்று காட்டினார். ஹட்செப்சுட் மறைந்தது 22ஆம் ஆண்டில். நடுவில் 20 வருஷம்! அதற்குள் துட்மோஸ் மெகிதோவில் வென்று, யூப்ரட்டீஸ் நதியைத் தாண்டி, கிழவராகவும் ஆகிவிட்டார். உளியைத் தூக்கிய பொல்லாத பையன் எங்கேயும் இல்லை.

சரி, தாமதமாகப் பழிவாங்கினார் என்று வைத்துக்கொள்ளலாமே என்று அன்று ராத்திரி நானும் சமாளித்துப் பார்த்தேன். சுவர்கள் விடவில்லை. ஹட்செப்சுட் அரசராக, தாடியும் கிரீடமுமாக நிற்கும் உருவங்களைத்தான் தேடிப்பிடித்துக் கொத்தியிருக்கிறார்கள். இரண்டாம் துட்மோஸின் ராணியாக அவர் நிற்கும் பழைய உருவங்களைத் தொடவில்லை. ஆளின்மேல் வெறுப்பு என்றால் ராணியை மட்டும் எதற்கு விட்டுவைக்க வேண்டும்?

பெயரைச் சுரண்டிய இடத்தில் என்ன பொறித்தார்கள் என்பது அதைவிட முக்கியம். பல இடங்களில் துட்மோஸ் தன் பெயரைப் போட்டுக்கொள்ளவில்லை. அப்பா இரண்டாம் துட்மோஸின் பெயரையோ தாத்தா முதலாம் துட்மோஸின் பெயரையோ போட்டார். பெயரை மாற்றிய சிற்பிகள் இலக்கணத்தைச் சில இடங்களில் மறந்துவிட்டார்கள். எகிப்திய மொழியில் பெண்பாலுக்குச் சொல்லின் கடைசியில் 'த்' ஒலி வரும். அந்த விகுதி அழியாமல் அப்படியே நிற்கிறது. நம் மொழியில் சொன்னால், "மன்னன் துட்மோஸ் தன் தந்தை அமுன் தேவனுக்கு இக்கோயிலைக் கட்டினாள்." எகிப்திய எழுத்தைப் படித்துக்காட்டிய ஷம்போலியோன், 1829இல் டெயர் எல்-பஹ்ரிக்குப் போனபோது, தாடி வைத்த அரசனுக்குப் பெண்பால் சொற்கள் வருவதைப் பார்த்துத் திகைத்து எழுதியிருக்கிறார். ஹட்செப்சுட் என்று ஒருவர் ஆண்டதே உலகத்துக்கு மறந்துபோயிருந்த காலம் அது. ஒரு விகுதி காட்டிக்கொடுத்துவிட்டது.

அரசவையைப் பாருங்கள். பழிவாங்குகிற அரசன் முதலில் பழைய ஆட்களைத்தானே விரட்டுவான்? வசீர், அதாவது தலைமை அதிகாரி, உசெராமுன் ஹட்செப்சுட்டின் காலத்திலும் இருந்தார், துட்மோஸ் தனியாக ஆண்ட காலத்திலும் தொடர்ந்தார். அமுன் கோயிலின் இரண்டாம் பூசாரி புயெம்ரேயும் அப்படியே. ஹட்செப்சுட் கார்னாக்கில் கட்டிய சிவப்புக் கோயிலின் கற்களில், ஒரே மாதிரி உடுத்த இரண்டு அரசர்கள் அடுத்தடுத்து நிற்கிறார்கள். பெயரைப் படித்தால்தான் எது அவர், எது துட்மோஸ் என்று தெரியும். மூலையில் உட்கார வைக்கப்பட்டவனைக் கோயில் சுவரில் பக்கத்தில் நிறுத்த மாட்டார்கள்.

பின் ஏன் அழித்தார்? முதலாம், இரண்டாம், மூன்றாம் துட்மோஸ் என்று அப்பன்–மகன் வரிசை நேர்க்கோடாக இருந்தால் தன் மகன் இரண்டாம் அமென்ஹோதெப்புக்கு வழி சுத்தமாகும் என்ற கணக்கைப் பலர் சொல்கிறார்கள். எனக்கும் அதுதான் பொருந்துவதாகத் தெரிகிறது.

வின்லாக்கின் சிலைக் குவியலுக்குச் சொல்லும் விளக்கமும் மாறிக்கொண்டு வருகிறது. 2025இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, பல சிலைகள் கழுத்து, இடுப்பு, முழங்கால் ஆகிய இடங்களில் ஒழுங்காக உடைக்கப்பட்டிருப்பதைக் காட்டியது. சிலைக்குள் இருக்கும் சக்தியை நீக்க எகிப்தியர்கள் செய்த வழக்கமான சடங்கு அது. மற்ற அரசர்களின் சிலைகளுக்கும் நடந்திருக்கிறது. மேலும் சில, பிற்காலத்தில் யாரோ கல்லுக்காக உடைத்தவை. பல முகங்களில் கீறல்கூட இல்லை. கோபத்தில் உடைப்பவன் முதலில் முகத்தில்தானே போடுவான். அதற்காக அவர் பெயரை அழிக்கும் வேலையே நடக்கவில்லை என்று மறுபக்கம் சாய்ந்துவிடாதீர்கள். நடந்தது. "ஆத்திரத்தில்", "உடனே" என்ற இரண்டு சொற்கள்தான் பொய்.

என் புத்தகத்தில் இரண்டுமே 14ஆம் பக்கத்தில் இருந்தன. விற்றது நாற்பதோ என்னவோ. மீதிப் பிரதிகளில் திருத்தச் சீட்டு ஒட்ட, பசையும் கையுமாக இரண்டு ராத்திரி உட்கார்ந்தேன். விற்றுப்போன நாற்பதை என்ன செய்வது? அதில் ஒன்று எங்கேயோ ஒரு மலரில் அப்படியே எடுத்தாளப்பட்டது. அங்கிருந்து வேறொன்றுக்குப் போனது. போன மாதம் வந்த நாலாவது கட்டுரையில் இந்த வாக்கியம் இருந்தது: "சித்தியின் பெயரை உளியால் கொன்றான் மகன்!" என் வாக்கியம், ஆச்சரியக்குறியோடு. எழுதிய பையனுக்கு அது யாருடையது என்றே தெரியாது. நன்றாக இருக்கிறது என்று எடுத்திருக்கிறான்.

செனென்முட் காதலரா?

தெரியாது. பெயரே எழுதாத ஒரு சுவர்க் கிறுக்கலை வைத்து ஒரு பத்தி ஓட்டாதீர்கள்.

பதவிகளைத் தமிழாக்கும்போது

"தேவனின் மனைவி" என்ற பட்டத்தைப் பார்த்ததும் நமக்குக் கை பரபரக்கும். ஒரு கட்டுரையில் அதற்குத் தேவதாசி முறையோடு ஒப்பீடே வந்துவிட்டது. அது அமுன் கோயில் வழிபாட்டில் அரசகுலப் பெண் ஒருவர் வகித்த பதவி. அதற்கென்று நிலமும் வருமானமும் ஊழியர்களும் உண்டு. ஹட்செப்சுட் அரசராவதற்கு முன் வகித்தார், பிறகு மகள் நெஃப்ருரேக்குப் போனது. அரண்மனையில் அவருக்கு இருந்த பலத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

வசீரைப் "பிரதமர்" என்று எழுதினால் வாசகர் நாடாளுமன்றத்தை நினைப்பார். தலைமை அதிகாரி என்றால் போதும். செனென்முட் பெரிய வசீர் என்றும் எழுதுகிறார்கள். அவர் வசீராக இருந்ததே இல்லை. அமுன் கோயில் சொத்துகளின் மேலாளர், நெஃப்ருரேயின் ஆசிரியர். குழந்தையைத் தன் மேலாடைக்குள் பொதிந்துகொண்டு தலை மட்டும் வெளியே தெரிய அவர் உட்கார்ந்திருக்கும் சிலையைப் பார்த்திருப்பீர்கள். பட்டம் இல்லாத வீட்டிலிருந்து வந்த ஒருவர் அரசரின் மகளோடு அப்படிச் சிலை வைத்துக்கொள்ள முடிந்தது என்றால், அந்த அரசவையில் அவருக்கு எவ்வளவு இடம் இருந்திருக்கும்!

புன்ட் என்றால் பாண்டிய நாடு அல்ல

இரண்டு பேர் இதை எழுதியிருந்தார்கள். ஒலி ஒத்துப்போகிறது, அவ்வளவுதான். டெயர் எல்-பஹ்ரி சுவரில் புன்ட் எப்படி இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். கம்பங்கள்மேல் கட்டிய வீடுகள், ஏணி, பபூன் குரங்குகள், ஒட்டகச்சிவிங்கி. பாண்டிய நாட்டில் ஒட்டகச்சிவிங்கி எங்கே மேய்ந்தது? எகிப்தில் கிடைத்த பபூன் மம்மிகளை ஆராய்ந்தவர்களும் எரித்திரியா, எத்தியோப்பியா பக்கம்தான் கைகாட்டுகிறார்கள்.

எகிப்தின் செங்கடல் கரையில் தமிழர் தடம் இருப்பது உண்மை. குசெய்ர் அல்-காதிமில் தமிழ் பிராமி எழுத்தோடு பானை ஓடு கிடைத்தது. பெரெனிகே கோயிலில் ஓர் இந்தியச் சாடிக்குள் ஏழரை கிலோ மிளகு இருந்தது. ஆனால் அதெல்லாம் ரோமர் காலத்தை ஒட்டியது. ஹட்செப்சுட்டுக்கும் அதற்கும் நடுவில் சுமார் 1500 வருஷம். இரண்டாம் ராம்செஸின் மம்மியில் மிளகு கிடைத்ததே என்று கேட்பார்கள். அவர் இறந்தது கி.மு. 1213இல். அப்போதும் ஹட்செப்சுட் போய் இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. மிளகு பல கை மாறிப் போயிருக்கலாம். அதற்காக ஒரு கப்பலையும் மாலுமிகளையும் கற்பனை செய்து ஏற்றிவிடாதீர்கள்.

அப்புறம், புன்ட்டிலிருந்து வந்ததைக் "கப்பம்" என்று சுவர் சொல்கிறது என்பதற்காக நாமும் கப்பம் என்று எழுதக் கூடாது. எகிப்தியர்கள் மணிமாலையும் குத்துவாளும் கொண்டுபோய்க் கடற்கரையில் பரப்பி வைத்திருப்பதும் அதே சுவரில்தான் இருக்கிறது. அது வியாபாரம். பதிலுக்கு வந்தவற்றில் வேரோடு கூடையில் வைத்துத் தூக்கிவந்த நறும்பிசின் மரங்கள் 31.

மம்மி

2007இல் ஒரு பெட்டியில் இருந்த பல்லை வைத்து, ஒரு மம்மியை ஹட்செப்சுட் என்று அடையாளம் சொன்னார்கள். எல்லாரும் ஏற்கவில்லை. "சொல்லப்படுகிறது" என்றே எழுதுங்கள்.

பெயரின் எழுத்து

ஹட்செப்சுட், ஹாட்ஷெப்சுத், அட்செப்சுட்டு. எதுவானாலும் சரி, ஒரே கட்டுரைக்குள் மூன்றும் வேண்டாம்.