ஒரே ஜாக்கெட்ல மூணு சீசனும் தாங்காது மாப்ள

போன மாதம் என் அக்கா மகன் புது பைக் எடுத்தான். மறுநாளே போன். "மாமா, மழை, வெயில், குளிர் மூணுக்கும் சேத்து ஒரே ஜாக்கெட் இருக்காம்ல. பதினெட்டாயிரம் சொல்றாங்க. வாங்கிரவா?"

"வாங்காத மாப்ள" என்றேன். ஏன் என்று போனிலேயே சொல்லி முடிக்க முடியவில்லை. அவனுக்குச் சொல்ல நினைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் மெடிக்கல் ரெப். மதுரை, தேனி, போடி, மூணாறு, இதுதான் இருபத்திரண்டு வருஷமாக என் லைன். முதலில் ஸ்ப்ளெண்டர், இப்போது ஹிமாலயன். வேலைக்குப் போகிற அதே சாலையில் லீவு நாளிலும் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புகிற ஆள் என்பதால் வீட்டில் எனக்கு மரியாதை குறைவு.

அந்தச் சாலையை ஜூன், ஜூலையில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். உசிலம்பட்டி வரை வெயில் முதுகில் ஏறும். ஆண்டிபட்டிக் கணவாயில் மேற்குக் காற்று வண்டியையே பக்கவாட்டில் தள்ளும். தேனி, போடியில் மேகம் இருக்கும், மழை இருக்காது. மலையடிவார முந்தல் தாண்டிக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏற ஏற ஆயிரம் மீட்டருக்கு ஆறு டிகிரி என்ற கணக்கில் சூடு இறங்கும். போடிமெட்டில் பனிமூட்டம். பூப்பாறை தாண்டினால் தென்மேற்குப் பருவமழை முகத்தில் அறையும். காலையில் கிளம்பி மத்தியானத்துக்குள் இத்தனையும் முடிந்துவிடும். இதில் எந்த வானிலைக்கு ஜாக்கெட் வாங்குவது?

என் பதில்: எந்த வானிலைக்கும் வாங்க வேண்டாம். விழுவதற்கு வாங்குங்கள். ஜாக்கெட்டின் வேலை தோலையும் எலும்பையும் காப்பது. வெயிலையும் குளிரையும் மழையையும் அதற்கு உள்ளே போடுகிற துணியும் மேலே போடுகிற துணியும் பார்த்துக்கொள்ளும்.

இதைக் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். எட்டு வருஷத்துக்கு முன்னால் நானும் ஒரு 'ஆல் வெதர்' ஜாக்கெட் வாங்கினேன். தடித்த துணி, உள்ளே ஜிப் வைத்த மழை லைனர், அதாவது கழற்றி மாட்டுகிற உள்துணி, அதற்குள் இன்னொரு குளிர் லைனர். தேனி வெயிலில் இட்லிப் பானைக்குள் உட்கார்ந்த மாதிரி இருந்தது. இரண்டு லைனரையும் கழற்றிப் பையில் வைத்தேன். பூப்பாறையில் மழை பிடித்தது. மழை லைனரை மாட்ட வேண்டுமானால் ஜாக்கெட்டைக் கழற்ற வேண்டும். ரோட்டோரத்தில் நனைந்துகொண்டே கழற்றி, ஜிப்பைத் தேடிக் கோத்து முடிப்பதற்குள் பனியன் பிழிகிற அளவுக்கு ஈரம். லைனர் உள்ளே இருக்கிறது, வெளித்துணியோ தண்ணீரைக் குடித்துக் கனக்கிறது. அந்த ஈரம் காற்றில் உலர உலர உடம்புச் சூட்டை உறிஞ்சுகிறது. தேவிகுளம் வருவதற்குள் பல் கிட்டிவிட்டது. வெளிப் பாக்கெட்டில் இருந்த ஆர்டர் புக் கூழாகிவிட்டது, ஏனென்றால் அந்தப் பாக்கெட் லைனருக்கு வெளியே இருக்கிறது. மறுநாள் காலையில் லாட்ஜில் அதே ஈர ஜாக்கெட்டை மறுபடி மாட்டியபோதுதான் அந்த வகையறாவுக்கே கும்பிடு போட்டேன்.

வெளித்துணியோடேயே மழைத்தடுப்புப் படலத்தை ஒட்டித் தைத்த ஜாக்கெட்டுகளும் உண்டு. அவை நனைந்து கனப்பதில்லை, நல்ல பொருள்தான். ஆனால் விலை எகிறும், நம் சமவெளி வெயிலுக்குப் புழுக்கம். லடாக் மாதிரிக் குளிர் ஊருக்கு மாதக்கணக்கில் போகிறவர்கள் யோசிக்கலாம். நம் ஊரில் சுற்றுகிறவர்களுக்குக் காற்று புகுகிற வலைத்துணி வைத்த மெஷ் ஜாக்கெட்டும் தனி ரெயின்கோட்டும் போதும்.

மெஷ் ஜாக்கெட் பார்க்கும்போது வலைத்துணி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மார்பிலும் கையின் உள்பக்கத்திலும் வலை இருக்கலாம். விழுந்தால் தரையில் முதலில் தேய்வது தோளும் முழங்கையும், அங்கே கெட்டித் துணிதான் வேண்டும். உள்ளே தைத்திருக்கும் லேபிளைப் படியுங்கள். ஐரோப்பியத் தரமான ஈஎன் 17092 என்று போட்டிருந்தால் பக்கத்தில் ஏஏஏ, ஏஏ, ஏ என்று ஒரு வகுப்பு இருக்கும். மூன்று 'ஏ' உச்சம், ரேஸ் ஆட்கள் போடும் தோல் உடை மாதிரிக் கெட்டி. மெஷ் ஜாக்கெட்டுகள் பெரும்பாலும் ஒற்றை 'ஏ'. இரண்டு 'ஏ' போட்ட மெஷ் கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் பரவாயில்லை.

அடுத்து ஆர்மர், அதாவது தோள், முழங்கை, முதுகில் உள்ளே செருகியிருக்கும் அடிதாங்கிப் பட்டை. கடைக்காரர் என்ன சொன்னாலும் தலையாட்டிக்கொண்டே அதை வெளியே உருவிப் பாருங்கள். அசல் என்றால் பைக் ஓட்டுகிறவர் படம் அச்சாகியிருக்கும். கூடவே ஓர் எழுத்து: தோளுக்கு எஸ், முழங்கைக்கு ஈ, முழங்காலுக்கு கே, முதுகுக்கு பி. லெவல் 1 அல்லது 2 என்றும் இருக்கும். கை கால் ஆர்மரில் அடி விழுந்தால் உடம்புக்குக் கடக்கும் விசை லெவல் 1-இல் சராசரி 35 கிலோநியூட்டனுக்குள்ளும், லெவல் 2-இல் 20-க்குள்ளும் இருக்க வேண்டும் என்பது விதி. முதுகுப் பக்கத்தை மறக்காமல் பாருங்கள். பல ஜாக்கெட்டுகளில் அங்கே இருப்பது வெறும் ஸ்பாஞ்ச், சோபா மெத்தையில் வருவது மாதிரி. இரண்டு விரலால் அழுத்தினால் விரல்கள் ஒன்றை ஒன்று தொடும். அதைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தனியாக முதுகு ஆர்மர் வாங்கிச் செருகுங்கள்.

அளவு விஷயத்தில் கண்ணாடி முன்னால் நின்று பார்ப்பது கல்யாண கோட்டுக்குச் சரி. ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கும் உங்கள் வண்டியில் போய் உட்காருங்கள். ஹேண்டில்பாரைப் பிடியுங்கள். மணிக்கட்டு வெளியே தெரிந்தால் கை நீளம் போதாது. கூட வந்தவரை உங்கள் முழங்கை ஆர்மரைப் பிடித்துத் திருகச் சொல்லுங்கள். அது எலும்பை விட்டு நகர்ந்து சுற்றினால், விழும்போதும் அப்படித்தான் சுற்றும். நான் "லூசா இருந்தா காத்தோட்டமா இருக்கும்" என்று கேட்டு ஒரு சைஸ் பெரிதாக வாங்கிய ஆள். ஆண்டிபட்டிக் கணவாயில் மணலில் சறுக்கியபோது வேகம் நாற்பதுகூட இல்லை. ஆர்மர் கையின் உள்பக்கம் போய்விட்டது, முழங்கையில் எட்டுத் தையல். வழக்கமாக நான் சாம்பிள் கொடுக்கிற டாக்டரே தையல் போட்டார். சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் போட்டார்.

பின்னால் உட்கார்ந்து வருகிறவருக்கும் இதெல்லாம் வேண்டும். என் பழைய ஜாக்கெட்டை வீட்டம்மாவுக்குக் கொடுத்துப் பார்த்தேன், தோள் ஆர்மர் புஜத்துக்கு இறங்கிவிட்டது. பெண்களுக்கென்று வெட்டித் தைத்தது கிடைக்கிறது, அதையே வாங்குங்கள். துப்பட்டாவைப் பைக்குள் வைத்துவிட்டுத்தான் ஏற வேண்டும், அதில் பேச்சே கிடையாது.

இனி வெயில். காற்று 37, 38 டிகிரிக்கு மேல் போனால் மெஷ் வழியாக வருவது குளிர்ச்சி இல்லை, முடி உலர்த்தும் மெஷின் காற்று. அதற்காக ஜாக்கெட்டைக் கழற்றினால் உடம்பு இன்னும் வேகமாகக் காயும். டீக்கடைக் குழாயில் பனியனை நனைத்து, பிழிந்து மாட்டி, மேலே ஜாக்கெட் போடுங்கள். தேனிப் பக்கம் வறண்ட காற்று, முக்கால் மணி நேரம் ஏசி மாதிரி இருக்கும். சென்னை, தூத்துக்குடி மாதிரிக் கடற்கரைப் புழுக்கத்தில் இந்த வித்தை சுமாராகத்தான் வேலை செய்யும், அங்கே ஈரம் உலராது. பையில் இரண்டு ஓஆர்எஸ் பொட்டலம் இருக்கட்டும். கறுப்பு ஜாக்கெட் போட்டோவுக்கு நன்றாக இருக்கும், மே மாதம் உசிலம்பட்டி சிக்னலில் நிற்கும்போது நன்றாக இருக்காது. வெளிர் சாம்பல் வாங்குங்கள். இருட்டிலும் எதிரே வருகிற லாரிக்காரர் கண்ணில் படும்.

குளிருக்குச் செலவே இல்லாத ஒரு வேலை இருக்கிறது, அதைத்தான் யாரும் செய்வதில்லை. அடிவாரத்தில் பனியனை மாற்றுவது. சமவெளியில் நம்மைக் காப்பாற்றிய அதே ஈரப் பருத்தி மலையில் எதிரி. முந்தலில் டீ குடிக்கும்போதே உலர்ந்த முழுக்கை பனியன் ஒன்றை மாட்டிவிடுவேன். பாலியஸ்டர் என்றால் வேர்வையைப் பிடித்து வைக்காது. அதற்கு மேல் மெல்லிய ஃப்ளீஸ், அதற்கு மேல் ஜாக்கெட். காற்றைத் தடுக்க எல்லாவற்றுக்கும் மேல் ரெயின்கோட், மழை இல்லாவிட்டாலும். 12 டிகிரிக் காற்று 60 கி.மீ. வேகத்தில் 8 டிகிரி போல உறைக்கும், அதனால் கம்பளியைவிடக் காற்றை மறிப்பதுதான் முக்கியம். எதுவும் இல்லையென்றால் தினசரிப் பேப்பரை நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் நெஞ்சில் செருகுங்கள், மூணாறு வரை தாங்கும். குரங்குக் குல்லாவை ஹெல்மெட்டுக்குள் திணிக்காதீர்கள், ஹெல்மெட்டின் பிடிமானமே கெட்டுவிடும். தலையையும் கழுத்தையும் மூடுகிற மெல்லிய துணி உறை, பாலகிளாவா, போதும்.

மழைக்கு வருவோம். ரெயின்கோட் மேல் சட்டை தனி, பேன்ட் தனியாக இருக்கட்டும். ஒரே துண்டாக வருவதை மாட்டிக்கொண்டு அவசரத்துக்கு ஒதுங்கிப் பாருங்கள், தெரியும். ஜாக்கெட்டையும் ஆர்மரையும் போட்டுக்கொண்டே கடைக்குப் போய் அதற்கு மேல் அளவு பாருங்கள். பேன்ட்டின் கணுக்காலில் நீள ஜிப் இருந்தால் ஷூவோடு நுழைக்கலாம். பிறகு கோட்டை உள்வெளியாகத் திருப்புங்கள். ஒவ்வொரு தையல் மேலும் பளபளவென்று டேப் ஒட்டியிருக்க வேண்டும். தையல் ஊசி போட்ட ஓட்டை தெரிந்தால் மழை அதைக் கண்டுபிடிக்கும்.

பேன்ட் ஒழுகுவது எப்போதும் தொடைச் சந்தில்தான். வண்டியில் உட்கார்ந்தால் மடியில் குளம் கட்டும், நாலு தையலும் சந்திப்பது அந்த இடம். அதனால் வாங்கிய அன்றே வீட்டில் சோதித்துவிடுங்கள். உள்ளே வெளிர் நிறக் கைலியைக் கட்டிக்கொண்டு, ரெயின் பேன்ட்டை மாட்டி, பாத்ரூமில் ஸ்டூலில் உட்கார்ந்து, மடியில் ஒரு சொம்பு தண்ணீரை ஊற்றிப் பத்து நிமிஷம் அப்படியே இருங்கள். கைலியில் ரூபாய் அளவுக்கு ஈரம் தெரிந்தாலும் பில்லோடு கடைக்குப் போய்விடுங்கள்.

மழை வந்தபிறகு ரெயின்கோட்டைத் தேடக் கூடாது. பையில் அடியில் வைக்காமல் மேலே வையுங்கள். எதிரே இறங்கி வருகிற கார்களின் வைப்பரைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவேன். கண்ணாடி நனைந்து வைப்பர் ஆடினால் அடுத்த வளைவிலேயே ஓரம் கட்டி மாட்டிவிடுவேன். கையில் கிளவுஸ் போட்டு, ரெயின்கோட்டின் கை அதற்கு மேலே இறங்கி வரட்டும். மாற்றிப் போட்டால் கையில் வழிகிற தண்ணீர் கிளவுஸுக்குள் நேராக இறங்கும்.

கிளவுஸ் ஒரு ஜோடி போதும்: உள்ளங்கையில் தோல், விரல் முட்டியில் கெட்டி ஓடு, மணிக்கட்டில் பட்டை. மழைக்கும் குளிருக்கும் உள்ளே டாக்டர்கள் போடும் நைட்ரைல் கிளவுஸ் போட்டுக்கொள்வேன், எங்கள் தொழிலில் அதற்குப் பஞ்சமில்லை. உள்ளே கை வேர்க்கும், ஆனால் விறைக்காது, பிரேக் பிடிக்கும். ஷூ கணுக்காலை மூடினால் சரி. 'வாட்டர்புரூஃப்' என்பதெல்லாம் மேல்வழியாகத் தண்ணீர் இறங்கும் வரைதான், அதனால் ரெயின் பேன்ட் ஷூவுக்கு வெளியே இருக்கட்டும். சாக்ஸுக்கு மேல் துணிக்கடைப் பிளாஸ்டிக் பையைச் சுற்றி ஷூவை மாட்டுகிற பழைய வழி இன்றும் செல்லும். ஜீன்ஸ் தார்ச்சாலையில் நொடியில் கிழியும். முழங்கால் ஆர்மர் வைத்த பேன்ட் வாங்க முடியாவிட்டால் தனியாகக் கட்டும் முழங்கால் கவசமாவது வேண்டும்.

துவைக்கும்போது ஆர்மரையெல்லாம் உருவிவிட்டு, மிதமான சோப்பில் அலசி, நிழலில் காயப் போடுங்கள். கம்ஃபர்ட் மாதிரி மணத் திரவம் வேண்டாம், ரெயின்கோட்டில் தண்ணீர் உருண்டோடுவது நின்றுவிடும்.

பதினெட்டாயிரத்தை எப்படிப் பிரிப்பது என்றும் மாப்பிள்ளைக்குச் சொன்னேன். முதலில் இந்தியத் தரமான ஐஎஸ் 4151 முத்திரை போட்ட, தலைக்குச் சரியாகப் பொருந்துகிற ஹெல்மெட். பிறகு கிளவுஸ். பிறகு மெஷ் ஜாக்கெட், முதுகு ஆர்மர். மீதியில் ரெயின்கோட். பேன்ட்டுக்கு அடுத்த மாதச் சம்பளம். "அப்ப குளிருக்கு?" என்றான். "உங்க தாத்தா ஸ்வெட்டர் பரண்ல இருக்கும், எடு" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா போன் பண்ணியது. "ஏன்டா, இவன் கைலி கட்டி, அது மேல பிளாஸ்டிக் பேன்ட்டு மாட்டி, அரை மணி நேரமா பாத்ரூம்ல உக்காந்து தண்ணிய மடில ஊத்திக்கிட்டிருக்கான். என்னத்தடா சொல்லிக் குடுத்த?"

"ஒழுகுதான்னு கேளுக்கா" என்றேன்.