சாக்பீஸை வாங்காமல் இருக்கப் பழகுவது: பயிற்சி மாணவர்களுக்கு வழிகாட்டும் ஆசிரியர்களைத் தயார்செய்ய

மும்பை தாராவியில் ஒரு மாநகராட்சித் தமிழ்வழிப் பள்ளியில் 22 வருடங்களாகக் கணக்கு எடுக்கிறேன். பி.எட். மாணவர்கள் இன்டர்ன்ஷிப்புக்கு வரும்போது அவர்களைக் கவனித்துக்கொள்ளும் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பதும் சில வருடங்களாக என் வேலை. உங்கள் பள்ளியில் அந்தப் பொறுப்பு உங்களிடம் வந்தால் என்ன செய்யலாம் என்று சொல்கிறேன்.

முதலில் என் தவறு. எனக்கு முதன்முதலாக ஒரு பயிற்சி மாணவி வந்தாள். ஆறாம் வகுப்பு, பின்னம். "1/2 பெரியதா, 1/4 பெரியதா?" என்று கேட்டாள். பாதி வகுப்பு 1/4 என்றது. இரண்டைவிட நான்கு பெரியதாயிற்றே. அவள் அப்படியே நின்றுவிட்டாள். நான் எழுந்து போய் அவள் கையிலிருந்து சாக்பீஸை வாங்கி, "தக்காளி பாவ் கிலோ வாங்கினா நிறைய வருமா, ஆதா கிலோ வாங்கினா நிறைய வருமா?" என்றேன். எங்கள் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசினாலும் கடையில் காலும் அரையும் அவர்களுக்குப் பாவும் ஆதாவும்தான். உடனே புரிந்துகொண்டார்கள். ஆனால் அன்றிலிருந்து அவள் எதைக் கேட்டாலும் பிள்ளைகள் பின்பெஞ்சில் இருந்த என் முகத்தைத்தான் பார்த்தார்கள். அவள் கிளம்பும்வரை அது மாறவில்லை. இன்றும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

2014-இல் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் கொண்டுவந்த விதிகளின்படி பி.எட். இரண்டு வருடப் படிப்பு. அதில் 20 வாரம் பள்ளியில் கழிய வேண்டும்: முதல் வருடம் 4, இரண்டாம் வருடம் 16. பதினாறு வாரம் ஒருவர் நம் வகுப்பிலேயே இருந்தால், அவருக்கு வாத்தியார் வேலையைக் கற்றுத்தருவது நாம்தான். எப்படிக் கற்றுத்தருவது என்று நமக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை.

வழிகாட்டும் ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும்போது சர்வீஸைப் பார்க்காதீர்கள். தன் வகுப்பில் இன்னொருவர் உட்கார்ந்து பார்த்தால் பதறாதவர் யார் என்று பாருங்கள். அப்புறம் தலைமை ஆசிரியரிடம் ஒன்றைக் கண்டிப்பாகக் கேட்டு வாங்குங்கள்: வழிகாட்டிக்கும் பயிற்சி மாணவருக்கும் ஒரே நேரத்தில் தினமும் ஒரு காலி பீரியட். ஷிஃப்ட் முறையில் நடக்கும் பள்ளியில் மணி அடித்ததும் அடுத்த ஷிஃப்ட் பிள்ளைகள் வாசலில் நிற்பார்கள். பள்ளி முடிந்து உட்கார்ந்து பேச இடமே இருக்காது. டைம்டேபிளில் எழுதாத நேரம் கிடைக்காது.

பயிற்சிக்கு இரண்டு அரைநாள் போதும். அதில் பேச்சுரை வேண்டாம்.

முதல் அரைநாள், பார்ப்பதற்கு. ஒரு ஆசிரியர் உண்மையான பிள்ளைகளுக்கு 15 நிமிடம் பாடம் எடுக்கட்டும். மற்றவர்கள் நோட்டை இரண்டாகக் கோடு போட்டு, இடப்பக்கம் கண்ணில் பட்டதையும் காதில் விழுந்ததையும் மட்டும் எழுதட்டும். "10.20, மூன்றாவது பெஞ்சில் இரண்டு பேர் விடையை அழித்து எழுதினார்கள்" என்பது போல. வலப்பக்கம், அதனால் தோன்றும் கேள்வி. முடிந்ததும் "நன்றாக", "பரவாயில்லை", "கட்டுப்பாடு இல்லை" போன்ற சொற்களை எல்லாம் அடிக்கச் சொல்லுங்கள். முதல் தடவை பலருடைய பக்கத்தில் மிஞ்சுவது இரண்டே வரிதான். அப்போது யாரையும் கேலி செய்ய விடாதீர்கள்; இன்னொரு வகுப்பில் திரும்பச் செய்ய வையுங்கள். ஆசிரியரைப் பார்ப்பதை விட்டுப் பிள்ளைகளைப் பார்க்கத் தொடங்கினால் பக்கம் தானாக நிறையும்.

இரண்டாம் அரைநாள், பேசுவதற்கு. இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். மூன்று மூன்று பேராகப் பிரியுங்கள்: ஒருவர் வழிகாட்டி, ஒருவர் பயிற்சி மாணவர், மூன்றாமவர் கையில் கடிகாரம். பாடம் முடிந்த பிறகு நடக்கும் உரையாடலை நடித்துப் பார்க்க வேண்டும். மூன்றாமவர் குறிக்க வேண்டியது இரண்டு: வழிகாட்டி எத்தனை நிமிடம் பேசினார், கேள்வி கேட்டுவிட்டு எத்தனை விநாடி பொறுத்தார். வகுப்பில் கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பதிலுக்குச் சுமார் ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்றும், மூன்று விநாடி பொறுத்தால் பிள்ளைகள் கூடுதலாகவும் யோசித்தும் பேசுகிறார்கள் என்றும் மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் காட்டினார். பெரியவர்களிடம் பேசும்போதும் நாம் அதே அவசரத்தில்தான் இருக்கிறோம். மனதுக்குள் மூன்று எண்ணச் சொல்லுங்கள்.

"அந்த இடத்துல பாவ் கிலோன்னு சொல்லியிருக்கணும்மா" என்று தொடங்கினால் அவள் தலையாட்டுவாள், அவ்வளவுதான். "பிள்ளைங்க ஏன் 1/4னு சொன்னாங்கன்னு நினைக்கிற?" என்று கேட்டுப் பொறுங்கள். "நாலு பெருசுன்னு நினைச்சிருப்பாங்க டீச்சர்" என்று அவளே வருவாள். "வீட்டுல, கடையில கால், அரைக்கு என்ன சொல்றாங்க?" என்பது அடுத்த கேள்வி. மறுநாள் பாடம் அங்கிருந்து பிறக்கும்.

ஒரு பேச்சில் ஒரே விஷயம். பதினைந்து, இருபது நிமிடம். அன்றைக்கே, ஸ்டாஃப் ரூமில் நாலு பேர் முன்னால் இல்லாமல். கல்லூரி மேற்பார்வையாளரையும் இந்தப் பயிற்சிக்கு அழையுங்கள். மதிப்பெண் போடும் தாளை எல்லோரும் ஒன்றாகப் படித்துவிடுங்கள். தினசரிப் பேச்சுக்கு மதிப்பெண் கிடையாது என்று முதல் நாளே அந்தப் பெண்ணிடமோ பையனிடமோ சொல்லிவிட வேண்டும். மார்க் பயம் இருக்கும் இடத்தில் யாரும் சந்தேகம் கேட்க மாட்டார்கள்.

ஆசிரியர் வராத வகுப்புக்கெல்லாம் பயிற்சி மாணவரை அனுப்பும் வழக்கத்தை அனுமதிக்காதீர்கள். இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

பிறகு வேலையைப் படிப்படியாகக் கைமாற்றுவது. முதல் வாரம் பார்த்தல், அதற்கும் ஒரு வேலை கொடுத்து: "இன்னிக்கு வாயே திறக்காத பிள்ளைங்க யாருன்னு பாரு." அடுத்து நாலைந்து பிள்ளைகளோடு ஒரு மூலையில். அப்புறம் பத்து நிமிடம், பிறகு முழுப் பீரியட். நடுவில், வழிகாட்டி தன் பாடக்குறிப்பை எழுதும்போது மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். 'இந்தக் கணக்கை முதலில் போட்டால் குழம்புவார்கள், அதனால் தள்ளிவைக்கிறேன்' என்பது நமக்குப் பழகிப்போன கைவேலை. பக்கத்தில் இருப்பவருக்கு அது கண்ணில் படாது.

மூன்றாவது வாரம் வழிகாட்டிகளை மறுபடி கூட்டுங்கள். பயிற்சி மாணவரிடம் கேட்டுக்கொண்டு ஒரு உரையாடலைப் போனில் பதிவுசெய்து வரச் சொல்லுங்கள். போன வருடம் ஒரு டீச்சர் தன் குரலையே கேட்டுவிட்டு, "இவளை நான் பேசவே விடலையே" என்றார். அடுத்த பதிவில் அந்தப் பயிற்சி மாணவி மூன்று கேள்வி கேட்டிருந்தாள்.