அதே அச்சு, வேறு நிறம்: ரீபெயின்ட் ரோபோவுக்கு விமர்சனம் எழுதுவது எப்படி

வாகனமாக மாறும் ட்ரான்ஸ்ஃபோமர்ஸ் பொம்மை ஒன்றின் அதே அச்சில் வார்த்து, நிறத்தை மாற்றி, வேறு ரோபோவாக விற்பதைத்தான் ரீபெயின்ட் என்கிறோம். அப்படி ஒரு ரோபோவைப் பற்றி எழுத உட்காருகிறவர்களில் பாதிப் பேர், அந்த அச்சைப் பற்றி ஊரே எழுதி முடித்ததைத்தான் மறுபடி எழுதுகிறார்கள். முழங்கை எவ்வளவு மடங்கும், துப்பாக்கியை முதுகில் எங்கே மாட்டலாம், கார் கதவு எப்படி இறக்கையாகும். அதெல்லாம் முதல் நிறம் வந்த அன்றே தெரிந்த சங்கதி. வாசிக்கிறவருக்கு இருக்கிற கேள்வி ஒன்றுதான்: "என்னிடம் சிவப்பு இருக்கிறது, இந்த வெள்ளையையும் எடுக்கலாமா?" அதற்குப் பதில் சொல்லாத விமர்சனம் எத்தனை பக்கம் போனாலும் வீண்.

நான் இலங்கை மலையகத்தில், ஹட்டனில் ஒரு கராஜில் வாகனங்களுக்கு ஸ்ப்ரே பெயின்ட் அடிக்கிறவன். ரோபோ சேர்ப்பது பக்கத்துப் பைத்தியம். அதனால் என் கண் முதலில் போவது பெயின்டுக்குத்தான். கராஜில் கூட வேலை செய்யும் தம்பி ஒருமுறை இரண்டு ரோபோக்களைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "பாஸ், ரெண்டும் ஒண்ணுதானே, கலர்தானே வேற?" என்றான். உன் வீட்டு வேனுக்கு நான் கலர் மாற்றிக் கொடுத்தால் கலர்தானே என்று சும்மா போவாயா என்று கேட்டேன். சிரித்துவிட்டுப் போய்விட்டான்.

சரி, வேலைக்கு வருவோம். பெட்டியைத் திறக்கும் முன் அந்த அச்சின் வம்சத்தைத் தேடிப் பிடியுங்கள். ட்ரான்ஸ்ஃபோமர்ஸில் ரீபெயின்ட் என்பது பிற்காலத்துத் தந்திரம் இல்லை, பிறவிக் குணம். 1984இல் அமெரிக்காவின் ஹெஸ்ப்ரோ இந்தப் பெயரில் விற்பனையைத் தொடங்கியபோது, அந்த ரோபோக்களில் பெரும்பாலானவை ஜப்பானின் டகாரா ஏற்கெனவே டயக்லோன், மைக்ரோ சேஞ்ச் வரிசைகளில் விட்டவை. ஒரே எஃப்-15 விமானம் சாம்பலும் சிவப்புமாக ஸ்டார்ஸ்கிரீம், நீலத்தில் தண்டர்கிராக்கர், கறுப்பும் ஊதாவுமாக ஸ்கைவார்ப். சிவப்பு லம்போர்கினி சைட்ஸ்வைப்; அதன் கூரையில் விளக்கை வைத்து, தீயணைப்புத் தலைவரின் காராக்கியதும் 1985இல் ரெட் அலர்ட். 1986இல் வந்த அல்ட்ரா மெக்னஸின் உள்ளே இருந்தது, நல்ல ரோபோக்களின் தலைவனான ஒப்டிமஸ் பிரைம், வெள்ளை நிறத்தில். எனக்குப் பிடித்த சோடி அயர்ன்ஹைடும் ரெச்செட்டும். இரண்டும் நிசான் வெனட். ஒன்று சிவப்பு வேன், மற்றது வெள்ளை அம்புலன்ஸ். அந்தக் குடும்பத்து வேன்கள் எங்கள் கராஜுக்கும் வந்திருக்கின்றன, ஆனால் ஒன்றாவது எழுந்து நின்றதில்லை. (அந்தப் பழைய பொம்மைகளும் நின்றன என்பதோடு சரி, தலை என்று ஒன்றே கிடையாது, கண்ணாடிக்குப் பின்னால் இருக்கையில் ஒட்டிய ஸ்டிக்கர்தான் முகம்.)

இந்த வரலாறு விமர்சனத்தில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். ஆனால் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கையில் இருப்பது நிறம் மட்டும் மாறியதா, தலை மாறியதா, தோளும் ஆயுதமும் மாறியதா என்பதை முதல் பத்தியிலேயே சொல்லுங்கள். புதுத் தலை இருந்தால் அது ரீபெயின்ட் இல்லை, ரீடூல் (அச்சையே கொஞ்சம் மாற்றியது) என்று சண்டைக்கு வருகிற ஆட்கள் உண்டு. அவர்கள் சொல்வதும் நியாயம்தான்.

அடுத்தது, பழைய நிறத்தைப் பக்கத்தில் வைக்காமல் எழுதத் தொடங்காதீர்கள். உங்களிடம் இல்லையென்றால் இரவல் வாங்குங்கள். இங்கே சேகரிக்கிறவர்கள் கொஞ்சப் பேர்தான், ஆனால் தலவாக்கலையிலும் பண்டாரவளையிலும் ஒருவரிடம் இல்லாதது இன்னொருவரிடம் இருக்கும். ஞாபகத்தை நம்பி "முன்னையதைவிட இறுக்கம்" என்று எழுதுவது ஏமாற்று வேலை.

இனித்தான் முக்கியமான இடம். எது பிளாஸ்டிக்கின் சொந்த நிறம், எது மேலே அடித்த பெயின்ட்? இதைக் கண்டுபிடிக்கப் போன் டோர்ச் போதும். பாதத்தின் அடி, கதவின் உட்பக்கம், ஸ்குரூ இறங்கும் குழி, பிணைச்சலின் மறைவு, இங்கெல்லாம் பொதுவாகப் பெயின்ட் போகாது. அங்கே தெரிவதுதான் பிளாஸ்டிக்கின் அசல் நிறம். பிளாஸ்டிக்கிலேயே நிறம் கலந்திருந்தால் உரசினாலும் கீறினாலும் அதே நிறம். மேலே அடித்ததென்றால் உரசும் இடத்தில் அடியிலிருப்பது எட்டிப்பார்க்கும்.

ஏன் எல்லாவற்றையும் நிறப் பிளாஸ்டிக்கிலேயே வார்க்கவில்லை என்று கேட்பீர்கள். ஒரே அச்சுச் சட்டத்தில் பல பாகங்கள் ஒன்றாக வார்க்கப்படுகின்றன. அவை எல்லாவற்றுக்கும் ஒரே பிளாஸ்டிக், ஒரே நிறம். முதல் ரோபோவுக்குத் தொடையும் கார் கூரையும் ஒரே சட்டத்தில் இருந்து இரண்டும் கறுப்பாக வந்திருந்தால், அடுத்த ரோபோவுக்குக் கூரை வெள்ளையாகவும் தொடை கறுப்பாகவும் வேண்டுமென்றால் ஒன்றுக்குப் பெயின்ட் அடித்தே ஆக வேண்டும். ஒரு ரீபெயின்டில் 'இந்த இடத்தில் ஏன் இப்படி ஒரு நிறம்?' என்று தோன்றும்போது, பாதி நேரம் விடை இந்தச் சட்டத்தில்தான் இருக்கும். இதைக் கண்டுபிடித்து எழுதினால் உங்கள் விமர்சனத்துக்குத் தனி மதிப்பு.

சிவப்பின் மேல் வெள்ளை அடிப்பது எங்கள் தொழிலிலும் தலையிடி. அண்டர்கோட் சரியில்லாவிட்டால் ரோஸ் கசியும். ரோபோவிலும் அதே கதை. கறுப்பின் மேல் மஞ்சள் அடித்தால் பச்சை ஓடும். வெள்ளைப் பிளாஸ்டிக் கதவையும் வெள்ளைப் பெயின்ட் அடித்த பொனட்டையும் ஜன்னலோரம் சேர்த்துப் பிடியுங்கள். ஒன்று பளீரென்றும் மற்றது மங்கலாகவும் தெரிந்தால் அதை எழுதுங்கள், படமும் எடுங்கள். பிறகு பெயின்டின் மேற்பரப்பைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். தோடம்பழத் தோல் மாதிரிப் புள்ளி புள்ளியாக இருந்தால் அடித்த கை சரியில்லை. கோட்டின் விளிம்பு மங்கிக் கசிந்திருந்தால் மறைப்பு சரியாக உட்காரவில்லை. நெஞ்சிலுள்ள சின்னம் போல, மெத்தென்ற திண்டால் ஒற்றிப் பதிக்கும் டாம்போ அச்சுகள் சரிந்திருக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பாருங்கள்.

பெயின்டைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. 2019இன் சீஜ் வரிசையில், போர்க்களத்திலிருந்து வந்ததுபோல் தெரிய வெள்ளிப் பெயின்டைத் தெளித்து விட்டார்கள். பலருக்குப் பிடித்திருந்தது. எனக்குப் பிடிக்கவில்லை. அடிபட்ட வாகனங்களைத் தினமும் பார்க்கிறேன். பெயின்ட் உரிவது கதவின் விளிம்பில், சில்லு வளைவில், பம்பரின் மூலையில். கதவின் நட்டநடுவில் சும்மா உரியாது. அந்த வரிசை ரோபோ எதை எழுதினாலும் தெளித்த இடம் நம்பும்படி இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு நிறத்திலும் ஒரே இடத்தில் ஒரே தெளிப்பு என்றால் அதையும் சொல்லிவிடுங்கள்.

முதல் தடவை மாற்றும்போது அவசரம் கூடாது. மாற்றும் முன் விளிம்புகளைப் படம் எடுத்துக்கொண்டு, வாகனமாக்கி, திரும்ப ரோபோவாக்கி, அதே விளிம்புகளை மறுபடி எடுங்கள். என்னிடமுள்ள ஒரு வெள்ளைக் காரில் கதவின் கீழ்விளிம்பு முன்கையை உரசிக்கொண்டுதான் மடங்கும். மூன்றாம் நாளே அந்த விளிம்பில் நகக்கீறல் அளவுக்குச் சிவப்பு. முதல் நிறத்தில் அங்கே பெயின்டே இல்லை, எவ்வளவு உரசினாலும் தெரியவில்லை. அச்சில் குறை இல்லை, நிறத்தைத் தேர்ந்தவர்கள் உரசும் இடத்தில் கொண்டுபோய்ப் பெயின்டை வைத்துவிட்டார்கள். இந்த மாதிரித் தகவலுக்காகத்தான் ஒருவர் உங்கள் விமர்சனத்தைத் தேடி வருவார்.

பெயின்டுக்குத் தடிப்பும் உண்டு. கொளுக்கி உட்காரும் துளைக்குள் பெயின்ட் போயிருந்தால் நுழையாது, வலுக்கட்டாயப்படுத்தினால் உரியும். எதிர்ப்பக்கமும் பாருங்கள்: அச்சு பல நிறங்களுக்கு உழைத்துத் தேய்ந்திருந்தால் மூட்டுத் தளர்ந்து வரும், ஓரங்களில் மெல்லிய பிசிறு நிற்கும். ஒற்றைக் காலில் நிற்க வைத்துப் பாருங்கள், கையை நீட்டி ஆயுதத்தைப் பிடிக்கக் கொடுங்கள், பழையதையும் பக்கத்தில் அப்படியே. தளர்ந்த பந்து மூட்டுக்கு நிறமில்லாத கியூடெக்ஸ் (நகப்பூச்சு) ஒரு பூச்சுப் பூசி, நன்றாகக் காய்ந்த பின் மாட்டினால் பிடித்துக்கொள்ளும். ஆனால் சரிசெய்த பிறகு "இறுக்கம் நன்று" என்று எழுதிவிடாதீர்கள், பெட்டியிலிருந்து வந்த நிலையைத்தான் எழுத வேண்டும். மூட்டு இருக்கும் பாகம் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்காக மாறியிருந்தால் அதைக் கட்டாயம் குறிப்பிடுங்கள், வெடிப்பது அங்கேதான். 80களின் கடைசியிலும் 90களிலும் வந்த சில ரோபோக்களில் தங்கத் துகள் சுழன்றோடும் பிளாஸ்டிக் உண்டு. அது வயதாக ஆகக் கை பட்டாலே நொறுங்கும். அப்படி ஒன்று கிடைத்தால் மாற்றிப் பார்க்கவே வேண்டாம், பார்த்ததை மட்டும் எழுதுங்கள்.

படம் எடுப்பதில் மலையகத்தாருக்கு ஒரு சலுகை இருக்கிறது. பனிமூட்டம் இறங்கிய காலையில் ஜன்னலோரம் கிடைக்கும் வெளிச்சத்துக்கு நிழலும் இல்லை, கூசலும் இல்லை. மெட்டாலிக் பெயின்டுக்கு மட்டும் அது போதாது. துகள் மின்னுவதைக் காட்டச் சாய்வாக ஒரு டோர்ச் வேண்டும். டியூப் லைட்டின் கீழ் எடுத்தால் வெள்ளை பச்சையாகும், ஊதா நீலமாகும். பழையதையும் புதியதையும் ஒரே படத்துக்குள், ஒரு வெள்ளைத் தாளோடு வைத்து எடுங்கள். தாள் வெள்ளையாகத் தெரிந்தால் மற்ற நிறங்களையும் நம்பலாம். ஃபில்டர் போடாதீர்கள்.

தொழிற்சாலையில் வந்ததில்லாமல் ஒருவர் கையால் பெயின்ட் அடித்ததென்றால் அளவுகோல் வேறு. தின்னர் கடுமையாகிப் பிளாஸ்டிக்கைக் கடித்திருக்கிறதா, மென்மையான பாகங்களில் எனாமல் பிசுபிசுக்கிறதா, மாற்றினால் தாங்குமா என்று பாருங்கள். மே மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் காற்றில் ஈரம் ஏறிவிடும். அந்த நேரத்தில் லெக்கர் கிளியர் அடித்தால் காயும்போது வெள்ளையாகப் பூத்துவிடும். கறுப்பு ரோபோவில் அது அப்படியே தெரியும். கறுப்பு என்றதும் ஒப்டிமஸின் கறுப்பு நகலான நெமிசிஸ் பிரைம் கேட்டு வருகிறவர்கள்தான் அதிகம்.

போலியென்றால் முதல் வரியிலேயே போலி என்று எழுதுங்கள். கொழும்புப் புறக்கோட்டையில் மலிவாகக் கிடைப்பதை வாங்குவது அவரவர் இஷ்டம், ஆனால் அதன் பெயின்டை வைத்து அசலை எடைபோடக் கூடாது.

விலையை ரூபாவில், தபால், சுங்கம் எல்லாம் சேர்த்து, வாங்கிய மாதத்தோடு எழுதுங்கள். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியதைப் பார்த்தவர்கள் நாங்கள். மாதம் இல்லாத விலையால் யாருக்கும் பயனில்லை.

முடிவில் பத்துக்கு எத்தனை என்று புள்ளி போடுவதை நான் விட்டுவிட்டேன். இப்படி எழுதுவேன்: "அச்சு உங்களிடம் ஏற்கெனவே இருந்தால், புதுத் தலைக்காக மட்டும் எடுக்கலாம். கதவு விளிம்பில் பெயின்ட் உரியும், அடிக்கடி மாற்றுகிறவர்களுக்குச் சரிவராது. இந்த அச்சே கையில் இல்லாதவர்கள் முதல் நிறத்தைத் தேடட்டும்." அப்புறம் ஒரு மழைக்காலம் கழித்து ரோபோவை மறுபடி எடுத்துப் பாருங்கள். வெள்ளை மஞ்சளித்திருக்கிறதா, பெயின்ட் ஒட்டுகிறதா, மூட்டு தளர்ந்ததா என்று பார்த்து, திகதி போட்டு இரண்டு வரி கீழே சேர்த்துவிடுங்கள்.