ஏற்காடு மலைப்பாதையில் கார் லேசாக இடித்துவிட்டால்

சேலம் அடிவாரத்திலிருந்து ஏற்காடு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். குரங்கைப் பார்த்து முன்வண்டி சட்டென்று நிற்க, பின்வண்டி போய் முட்டும். பஸ்ஸுக்கு ஒதுங்கப் போய்ச் சக்கரம் ஓரக் கால்வாயில் இறங்கும். வளைவில் அகலமெடுத்துத் திரும்பும் வண்டியோடு உரசும். பம்பர், ஹெட்லைட், ஒரு கதவு என்று முடிய வேண்டிய செலவு சில சமயம் இன்ஜின் வரை போய்விடுகிறது. இடித்த பிறகு, "ஒண்ணும் ஆகலை" என்று அப்படியே ஓட்டிக்கொண்டு இறங்குவதுதான் அதற்குக் காரணம்.

முதலில் ஹசார்ட் விளக்கைப் போடுங்கள். சரிவில் ஹேண்ட்பிரேக்கை மட்டும் நம்பக் கூடாது. வண்டி மேட்டைப் பார்த்து நின்றால் முதல் கியர், இறக்கத்தைப் பார்த்து நின்றால் ரிவர்ஸ் கியர். தப்பித்தவறி நகர்ந்தாலும் பள்ளத்தாக்குப் பக்கம் போகாமல் மலைப்பக்கம் போய் முட்டும்படி சக்கரத்தைத் திருப்பி வையுங்கள். ஒரு கல்லை அணை கொடுங்கள். கிளம்பும்போது அந்தக் கல்லை எடுத்து ஓரத்தில் போட மறக்காதீர்கள். இந்தப் பாதையில் நடுரோட்டில் கிடக்கும் கல்லெல்லாம் மலையிலிருந்து உருண்டு வந்தவை இல்லை.

காரில் வந்தவர்கள் இறங்கி ஓரமாக நிற்கட்டும். இரண்டு வண்டிகளுக்கு நடுவிலோ, சரிவில் வண்டிக்குக் கீழ்ப்புறமோ யாரும் நிற்க வேண்டாம். டிக்கியில் உறை பிரிக்காமல் கிடக்கும் சிவப்பு முக்கோணத்துக்கு இப்போதுதான் வேலை. சமவெளியில் ஐம்பது மீட்டர் பின்னால் வைத்தால் போதும். மலையில் அந்தக் கணக்கு உதவாது. வளைவுக்குள் நின்றுவிட்டால், வளைவு தொடங்கும் முன்பே, வருகிறவர் திரும்புவதற்கு முன் கண்ணில் படும் இடத்தில் வைக்க வேண்டும். முக்கோணம் ஒன்றுதான் இருக்கிறது என்றால் மேலிருந்து இறங்குகிறவர்களுக்குத் தெரியும்படி வையுங்கள், அவர்களுக்குத்தான் நிற்கத் தூரம் அதிகம் வேண்டும். கீழ்ப்பக்கம் ஒருவர் மொபைல் வெளிச்சத்தோடு நிற்கலாம்.

யாருக்காவது அடி பட்டிருந்தால் மற்றதெல்லாம் அப்புறம். 108-ஐ அழையுங்கள். பைக்கிலிருந்து விழுந்தவர் எழுந்து நடந்தாலும், தலையில் இடித்திருந்தால் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். காயம் பட்டவருக்குச் சிகிச்சைக்கு ஏற்பாடு செய்வதும், 24 மணி நேரத்துக்குள் போலீஸில் தெரிவிப்பதும் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆம் பிரிவின்படி ஓட்டுநரின் கடமை. கூட்டம் கூடி அடிக்க வரும் நிலை என்றால் சட்டமே விலக்குத் தருகிறது. நேராக ஸ்டேஷனுக்குப் போய்விடலாம். அது எந்த ஸ்டேஷன் எல்லை, மாநகரமா, மாவட்டமா என்ற குழப்பம் அடிவாரப் பக்கம் வரும். 112-ல் கேளுங்கள். தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் காயம் பட்டவரிடம் பணம் கேட்கக் கூடாது. பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளுக்கும் இது பொருந்தும்.

காயமில்லை என்றால், வண்டியை நகர்த்துவதற்கு முன் படம் எடுங்கள். இரண்டு வண்டிகளும் நின்ற நிலை, எத்தனையாவது வளைவு என்ற பலகை, டயர் தடம், இரண்டு நம்பர் பிளேட்டுகள். ஒடுக்கு விழுந்த இடத்தை மட்டும் நெருங்கி எடுத்த படம் பட்டறைக்காரருக்குத்தான் உதவும், தகராறு வந்தால் உதவாது. டேஷ்கேம் இருந்தால் அந்தக் காட்சியை உடனே சேமித்து வையுங்கள், இல்லாவிட்டால் அடுத்த பதிவு அதை அழித்துவிடும். இரண்டு நிமிடத்தில் இதை முடித்து வண்டியை ஓரங்கட்டுங்கள்.

பேச்சில் நிதானம் வேண்டும். பெயர், முகவரி, வண்டி எண், பாலிசி விவரம் ஆகியவற்றைக் கொடுங்கள், வாங்குங்கள். "தப்பு என்னுதுதான், முழுச் செலவும் நானே தர்றேன்" என்று எழுதிக் கொடுக்காதீர்கள். இன்சூரன்ஸ் நிறுவனத்தின் ஒப்புதல் இல்லாமல் பொறுப்பை ஏற்பதோ பணம் தருவதாகச் சொல்வதோ கூடாது என்பது பாலிசியிலேயே உள்ள நிபந்தனை. வெறும் பெயிண்ட் உரசல், இன்சூரன்ஸுக்கே போகப் போவதில்லை என்றால் அங்கேயே பேசி முடிப்பதில் தவறில்லை. அப்போதும் தேதி, இரு வண்டி எண்கள், கொடுத்த தொகை, இருவர் கையெழுத்து என்று ஒரு காகிதம் இருக்கட்டும். ஏறும் வண்டிக்கே முன்னுரிமை என்பது விதி. இறங்கி வந்தவர் சத்தம் போட்டால் அமைதியாக நினைவூட்டலாம். தடுப்புச் சுவரையோ இரும்புத் தடுப்பையோ இடித்திருந்தால் அது அரசுச் சொத்து. அடுத்தவர் இழப்புக்கான தேர்டு பார்ட்டி காப்பீட்டில் சொத்துச் சேதத்துக்கு ஏழரை லட்சம் வரை இடமுண்டு, அதனால் நழுவிப் போக நினைக்க வேண்டாம்.

அடுத்தது, ஓட்டலாமா என்ற கேள்வி. குனிந்து வண்டிக்கு அடியில் பாருங்கள். இடதுபக்க முன்சீட்டுக்கு அடியில் நிறமற்ற தண்ணீர் சொட்டினால் அது பெரும்பாலும் ஏசி தண்ணீர், பயமில்லை. பச்சை, ரோஸ், ஆரஞ்சு நிறத்தில் வழுவழுப்பாக இருந்தால் இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட். கறுப்பாகவோ பழுப்பாகவோ சொட்டினால் இன்ஜின் ஆயில். கால்வாய் விளிம்பில் அடிபட்ட வண்டியில், இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தொட்டியான சம்ப் விரிசல் விட்டிருக்கலாம். சக்கரத்தின் உட்பக்கம் ஈரமாக இருந்தால் பிரேக் ஆயிலாக இருக்கலாம். பெட்ரோல் வாடை வந்தால் சாவியையே தொடாதீர்கள். இவற்றில் ஏசி தண்ணீரைத் தவிர எது இருந்தாலும் இழுத்துச் செல்லும் ரெக்கவரி வண்டிதான்.

கூலன்ட் ஒழுகும் கார் இறக்கத்தில் நன்றாக ஏமாற்றும். இறங்கும்போது இன்ஜினுக்குப் பாரம் குறைவு, வெப்பம் காட்டும் முள் ஏறாது. சேலத்துக்குள் வந்து, கோரிமேடு தாண்டி அஸ்தம்பட்டி சிக்னலில் நிற்கும்போது திடீரென்று ஹீட் ஏறும். கூலன்ட் முழுவதும் போயிருந்தால் சென்சார் காற்றில் நிற்கும், அப்போது முள்ளே சரியாகக் காட்டாது. இதில் இன்ஜினின் மேல்பாகமான சிலிண்டர் ஹெட் போனால் இன்சூரன்ஸில் கேட்க முடியாது. பழுது பார்க்காமல் ஓட்டியதால் கூடும் சேதம் உரிமையாளர் பொறுப்பு என்று பாலிசியில் தெளிவாக இருக்கிறது.

ஒழுக்கு இல்லையா? டயரின் பக்கச்சுவரில் வெட்டோ வீக்கமோ இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். இருந்தால் ஸ்டெப்னி மாட்டுங்கள். ஸ்டீயரிங்கை இருபுறமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள்; உடைந்த உள்மட்கார்டு டயரில் உரசினால் கட்டி ஒதுக்குங்கள். நேரே போகையில் ஸ்டீயரிங் கோணலாக நின்றால், சக்கரத்தைத் திருப்பும் டை ராடோ அதைத் தாங்கும் லோயர் ஆர்மோ வளைந்திருக்கிறது, அந்த வண்டியோடு 20 வளைவு இறங்கக் கூடாது. பானெட் கொக்கி சரியாக மாட்டவில்லை என்றால் கயிறு போட்டுக் கட்டுங்கள். எல்லாம் சரி என்றால் இரண்டாம் கியரில் இறங்குங்கள். இன்ஜினை அணைத்து உருட்டிக்கொண்டு போவது தற்கொலை: பிரேக் கல்லாகிவிடும், பவர் ஸ்டீயரிங்கும் போய்விடும்.

சாதாரண பாலிசியில் இழுத்து வரும் செலவுக்கு 1,500 ரூபாய்தான் வரம்பு. ஏற்காட்டிலிருந்து இறக்க அது போதாது. வழியில் நின்றுவிட்டால் உதவிக்கு வரும் ரோடுசைடு அசிஸ்டன்ஸ் பாலிசியில் சேர்த்திருக்கிறதா என்று மலையேறும் முன்பே பாருங்கள். ஆட்டோமேட்டிக் காரை, நான்கு சக்கரமும் தரையில் படாதபடி தட்டு வண்டியில்தான் ஏற்ற வேண்டும்.

கிளெய்ம் போடுவதற்கு முன் ஒரு கணக்கு. 1500 சி.சி.க்கு உட்பட்ட கார், பம்பர் 4,000, பெயிண்டிங் 3,000, கூலி 1,000 என்று பில் 8,000 வருகிறது என்று வையுங்கள். பிளாஸ்டிக்குக்குப் பாதித் தேய்மானம், 2,000 கழியும். பெயிண்டிங்கில் கால் பங்கைப் பெயிண்ட் விலையாக எடுத்து அதில் பாதி, 375. ஒவ்வொரு கிளெய்மிலும் நாமே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு 1,000. வருவது 4,625. நான்கு வருடம் கிளெய்ம் இல்லாமல் 45 சதவீத நோ கிளெய்ம் போனஸில், அதாவது பிரீமியத் தள்ளுபடியில், இருக்கிறவருக்கு அடுத்த முறை 50 சதவீதம் கிடைத்திருக்கும். கிளெய்ம் போட்டால் பூஜ்யம். சொந்த வண்டியின் சேதத்துக்கான பிரீமியம் 10,000 என்றால் முதல் வருடமே 5,000 நஷ்டம், அடுத்த வருடம் 20 சதவீதத்திலிருந்து மறுபடி ஏற வேண்டும். தேய்மானம் கழிக்காத பம்பர் டு பம்பர் பாலிசியும் இந்த போனஸைக் காப்பாற்றாது.

கிளெய்ம்தான் என்று முடிவானால் தகவல் சொன்ன பிறகு, சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் நிறுவனம் அனுப்பும் சர்வேயர் பார்க்கும்வரை பட்டறையில் எதையும் கழற்ற விடாதீர்கள். பம்பரைக் கழற்றியதும் உள்ளே ஏசி கண்டென்சரோ ரேடியேட்டரோ நசுங்கியிருப்பது தெரிந்தால், அங்கேயே நிறுத்தி அவரை மறுபடி வரச் சொல்லுங்கள். வண்டியை எடுக்கும் நாளில் வீல் அலைன்மென்ட் தாளைக் கேட்டு வாங்குங்கள். ஹெட்லைட் மாற்றியிருந்தால் சுவர்முன் நிறுத்தி இரண்டு வெளிச்சமும் ஒரே உயரத்தில் விழுகிறதா என்று பாருங்கள்.