கன்டெய்னரில் சரக்கு ஏற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

40 அடி கன்டெய்னர் 20 அடியைப் போல இரு மடங்கு நீளம். அதனால் எடையும் இரு மடங்கு தாங்கும் என்று நினைத்து புக்கிங் போடுபவர்கள் இன்றும் உண்டு. பெட்டியோடு சேர்த்து மொத்த எடை வரம்பு இரண்டுக்குமே பெரும்பாலும் 30,480 கிலோதான். காலிப் பெட்டியின் எடை 20 அடிக்குச் சுமார் 2,300 கிலோ, 40 அடிக்குச் சுமார் 3,800 கிலோ. ஆக, பெரிய பெட்டியில் ஏற்றக்கூடிய சரக்கு ஒன்றரை டன் குறைவு! கிரானைட், டைல்ஸுக்கு 20 அடி. பின்னலாடை போல இடம் அடைக்கும் சரக்குக்கு 40 அடி. சரியான வரம்பு அந்தந்தப் பெட்டியின் கதவிலேயே எழுதியிருக்கும். சாலையில் லாரிக்கான வரம்பு வேறு, அதையும் பார்க்க வேண்டும்.

சாதாரணப் பெட்டியின் உள் உயரம் 2.39 மீட்டர், கதவுத் திறப்பு 2.28 மீட்டர்தான். உள் உயரத்தை நம்பி அனுப்பிய 2.35 மீட்டர் இயந்திரம் வாசலோடு நின்றுவிடும்.

காலிப் பெட்டி வந்ததும் ஒருவர் உள்ளே நின்று கதவைச் சாத்தச் சொல்லிப் பார்க்க வேண்டும். எங்காவது வெளிச்சம் புள்ளியாகத் தெரிந்தால் அந்தப் பெட்டியைத் திருப்பி அனுப்புங்கள். ரசாயன வாடை அடித்தாலும் அப்படியே. தேயிலையும் மசாலாவும் அதை இழுத்துக்கொள்ளும்.

ஓட்டையே இல்லாத பெட்டியிலும் சரக்கு நனையும். நம் ஊர் வெப்பத்தில் ஏற்றிய காற்றின் ஈரமும் சரக்கு, அதை அடுக்கும் மரத் தட்டான பேலட் இவற்றிலிருந்து எழும் ஈரமும், கப்பல் குளிர்ந்த கடலுக்குப் போனதும் கூரையில் நீராகக் கோத்துச் சொட்டும். பேலட்டில், மரப் பேக்கிங் வழியே பூச்சி பரவாமல் தடுக்கும் சர்வதேச விதியான ஐஎஸ்பிஎம் 15 முத்திரை இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்காதீர்கள். மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக வேண்டும் என்பது பூச்சியைக் கொல்வதற்கான விதி, மரத்தை உலர்த்துவதற்கானது அல்ல. உலர்ந்த பேலட் கேட்டு வாங்குங்கள், ஈரம் உறிஞ்சும் பைகளைத் தொங்கவிடுங்கள்.

பாரத்தை ஒரே பக்கம் குவிக்கவும் கூடாது. பெட்டியின் நீளத்தில் எந்தப் பாதியிலும் சரக்கு எடையில் 60 சதவீதத்துக்கு மேல் வேண்டாம். மீறினால் கிரேன் தூக்கும்போது பெட்டி சாயும், லாரியின் ஒரு அச்சு மட்டும் திணறும். காலி இடைவெளிகளைக் காற்றுப்பையாலோ மரச்சட்டத்தாலோ அடைக்க வேண்டும்.

2016 ஜூலை 1 முதல், சரிபார்த்த மொத்த எடையான விஜிஎம் இல்லாத பெட்டியைக் கப்பலில் ஏற்றக்கூடாது. பேக்கிங் லிஸ்டின் எடையை அப்படியே எழுதிவிட்டு பேலட், மரச்சட்டம், பெட்டியின் சொந்த எடை இவற்றை விட்டுவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை.

கதவருகே கடைசி வரிசையைப் பட்டையாலோ வலையாலோ கட்டாமல் சாத்தினால், பயணத்தில் நகர்ந்த கார்ட்டன்கள் கதவில் சாய்ந்து நிற்கும். அந்தப் பக்கம் திறப்பவர் தலையில்தான் விழும். பிறகு வெட்டினால்தான் திறக்கக்கூடிய போல்ட் சீலை வலது கதவில் போட்டு, சீல் எண்ணையும் 4 எழுத்தும் 7 இலக்கமும் கொண்ட பெட்டி எண்ணையும் படமெடுத்து, கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ரசீதான பில் ஆஃப் லேடிங்கோடு ஒத்துப் பாருங்கள்.