எஸ்எஸ்டியை வேறு மடிக்கணினிக்கு மாற்றிய பின் திரை இருண்டால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய மடிக்கணினியின் எஸ்எஸ்டியைக் கழற்றிப் புதியதில் பொருத்தினால், உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் இயங்குதளங்கள் பெரும்பாலும் மறுநிறுவல் இல்லாமலே இயங்கிவிடும். கிராபிக்ஸ் டிரைவர்களில் பெரும்பாலானவை கெர்னலோடு (இயங்குதளத்தின் மையக்கரு) சேர்ந்தே வருவதும், ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் கெர்னல் வன்பொருளைப் புதிதாகக் கண்டறிவதுமே இதற்குக் காரணம். அப்படியிருந்தும் திரை மட்டும் இருண்டுபோனால், பழைய கணினிக்கென்று எழுதப்பட்ட ஏதோ ஓர் அமைப்பு வட்டில் எஞ்சியிருக்கிறது, அல்லது புதிய கணினிக்குத் தேவையான ஏதோ ஒன்று வட்டில் இல்லை என்றே முதலில் கொள்ள வேண்டும்.

திரைப் பலகமே பழுதாகிவிட்டது என்று எண்ணிக் கடைக்குக் கொண்டுசெல்வது முதல் தவறு. திரை எந்தக் கட்டத்தில் இருள்கிறது என்பதைக் கவனியுங்கள். தயாரிப்பாளரின் சின்னமும், எந்த இயங்குதளத்தைத் தொடங்குவது என்று கேட்கும் கிரப் பட்டியலும் தெளிவாகத் தெரிந்து அதன் பிறகே இருள்கிறதென்றால், பலகமும் கேபிளும் பின்னொளியும் நலமாகவே உள்ளன. சின்னமே தெரியாவிட்டால்தான் வன்பொருளை ஐயுற வேண்டும். அடிமூடியைத் திறந்தபோது கேபிள் எதுவும் நெகிழ்ந்துவிட்டதா என்று பாருங்கள். லினக்ஸின் அண்மைப் பதிப்பு ஒன்றை யுஎஸ்பியிலிருந்து லைவ் முறையில் (வட்டில் நிறுவாமல்) இயக்கிப் பார்ப்பது இன்னும் உறுதியான சோதனை: அதில் படம் சரியாக வந்தால் குறை நீங்கள் மாற்றிய வட்டில்தான் இருக்கிறது. இருண்ட திரையில் டார்ச் ஒளியைச் சாய்வாக அடிக்கும்போது மங்கலான படம் தெரிந்தால் பின்னொளி மட்டுமே அணைந்திருக்கிறது. அதற்கு வழி வேறு.

மிகப் பரவலான தவறு, 'நோமோட்செட்' என்ற அளவுருவை நிரந்தரமாக்கிவிடுவது. கிரப் பட்டியலில் 'இ' விசையை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் இறுதியில் அதைச் சேர்த்தால் பெரும்பாலும் படம் வந்துவிடும். ஆனால் அப்போது உண்மையான கிராபிக்ஸ் டிரைவர் வேலை செய்வதில்லை, ஃபர்ம்வேர் (வன்பொருளை இயக்கும் அடிப்படை மென்பொருள்) அமைத்துக் கொடுத்த சட்டகத்திலேயே படம் வரையப்படுகிறது. அதனால் ரெசல்யூஷனை மாற்ற முடியாது, ஒளி அளவைக் கூட்டவோ குறைக்கவோ பெரும்பாலும் இயலாது, வெளித்திரை இணையாது, வரையும் சுமை முழுவதும் சிபியுமீது விழுகிறது. இதனை உள்ளே நுழைவதற்கான வழியாக ஒருமுறை மட்டும் பயன்படுத்தி, குறையைத் திருத்திய பின் அது இல்லாமல் பூட் செய்ய வேண்டும். அதே வரியில் உள்ள 'குவயட்', 'ஸ்பிளாஷ்' ஆகிய சொற்களை நீக்கிப் பார்ப்பதும் நல்லது. பூட் எந்த இடத்தில் நிற்கிறது என்பதை எழுத்துகளே காட்டும்.

என்விடியா கணினியிலிருந்து இன்டெல் அல்லது ஏஎம்டி கணினிக்கு மாறியவர்கள் பழைய தடயங்களைத் தேடாமல் விடுவது அடுத்த தவறு. அமைப்புக் கோப்புகள் உள்ள இடிசி அடைவின் எக்ஸ்11 பகுதியில் 'எக்ஸார்க்.கான்ஃப்' என்ற கோப்பு என்விடியா டிரைவரைக் கட்டாயப்படுத்திக்கொண்டிருந்தால், எக்ஸ் சேவையகம் (திரையில் படத்தைக் காட்டும் நிரல்) திரை எதுவும் இல்லை என்று சொல்லி நின்றுவிடும். அதை அழிக்க வேண்டாம். பெயரை மாற்றி வைத்தாலே போதும். என்விடியா தொகுப்புகளை நீக்கும்போது, எவையெல்லாம் நீங்கும் என்று தொகுப்பு மேலாளரான ஏப்ட் காட்டும் பட்டியலைப் படிக்காமல் ஒப்புதல் தராதீர்கள்.

ஏஎம்டி கணினிக்கு மாறுவோர் ஃபர்ம்வேரை மறப்பதுண்டு. இன்டெல் கணினியில் நிறுவிய டெபியனில் ஏஎம்டி கிராபிக்ஸுக்கான ஃபர்ம்வேர் தொகுப்பு இல்லாமல் இருக்கக்கூடும். அது இல்லாவிட்டால் டிரைவர் முறையாகத் தொடங்காது, திரை உறைந்துவிடும். தொகுப்பை நிறுவிய பின் இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் (பூட்டின் தொடக்கத்தில் ஏற்றப்படும் தற்காலிகக் கோப்பமைப்பு) புதுப்பியுங்கள்.

பழைய கெர்னலை அப்படியே வைத்துக்கொண்டு அமைப்புகளில் மட்டும் தேடுவதும் வீண்வேலை. 2020இல் வெளியான உபுண்டு 20.04இன் 5.4 கெர்னல் 2019இல் வந்தது. இன்டெல்லின் 12ஆம் தலைமுறைச் சில்லுகள் 2021 இறுதியில் வெளியாயின. அவற்றின் கிராபிக்ஸை அந்தக் கெர்னல் அறியாது. புதிய கெர்னலை நிறுவுவதே தீர்வு.

திரை இருண்டதும் பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்துவிடுவதால், பதிவுகளின் கடைசி வரிகள் வட்டில் எழுதப்படாமலே போகலாம். முதலில் கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். எழுத்து முனையம் வந்தால் ஜர்னல்சிடிஎல் கட்டளையால் அந்தப் பூட்டின் பதிவுகளைப் படிக்கலாம்.

உள்நுழைவுத் திரை தெரிந்து, கடவுச்சொல்லை இட்ட பிறகுதான் இருள்கிறதென்றால் கெர்னலைத் தொட வேண்டியதே இல்லை. புதிய பயனர் கணக்கு ஒன்றை உருவாக்கி அதில் நுழைந்து பாருங்கள். அங்கே சரியாக வந்தால் குறை உங்கள் முகப்பு அடைவில் இருக்கிறது: க்னோம் என்ற டெஸ்க்டாப் சூழலைப் பயன்படுத்துவோர் 'கான்ஃபிக்' அடைவிலுள்ள 'மானிட்டர்ஸ்.எக்ஸ்எம்எல்' கோப்பை ஒதுக்கிவைக்கலாம். திரை அமைப்பை மாற்றும் எக்ஸ்ரேண்டர் கட்டளைகளை எழுதி வைத்திருப்போர், பழைய மடிக்கணினியில் எல்விடிஎஸ் என்றிருந்த திரைப்பெயர் புதியதில் இடிபி என்று மாறியிருக்கிறதா எனப் பார்க்க வேண்டும்.