பாம்பு வளர்க்கும் வீடும் வந்து போகும் விருந்தினரும்

சுங்கை சிப்புட்டாக இருந்தாலும் பீடோராக இருந்தாலும், நம் மலேசியத் தோட்டப்புறச் சிறுநகரங்களில் பாம்பு வளர்க்க விரும்புகிறவர், தம் வீட்டுக்கு வந்து போகிறவர்கள் யார் என்பதை முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். இருள் பிரியுமுன் தலைவிளக்கோடு பால்மரம் சீவப் போனவர்களும், செம்பனை மட்டைக் குவியலுக்கு அருகே குனிந்து உதிரிப்பழம் பொறுக்கியவர்களும்தான் நம் அத்தைமாரும் மாமன்மாரும். எலியைத் தேடித் தோட்டத்துக்குள் வரும் நாகத்தையும் மலைப்பாம்பையும் அவர்கள் நேரில் எதிர்கொண்டவர்கள். அவர்களுடைய அச்சம் அனுபவத்தில் விளைந்தது. அதை அறியாமை என்று ஒதுக்கிவிட்டு, "ஒன்றும் செய்யாது, வாங்க" என்று கையைப் பிடித்து இழுப்பது முறையாகாது. வீட்டில் பாம்பு இருப்பதை வாசற்படி ஏறுமுன்பே அறிந்துகொள்ளும் உரிமை விருந்தினருக்கு உண்டு.

அப்படித் தயக்கமின்றிச் சொல்ல வேண்டுமானால், மறைத்து வைக்க வேண்டிய பாம்பாக அது இருக்கக்கூடாது. தீபகற்ப மலேசியாவில் 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நடப்பில் உள்ளது. அதை நிலைநிறுத்துவது பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்கு, தேசியப் பூங்கா இலாகா. தோட்டத்தில் பிடிபடும் நம் நாட்டு மலைப்பாம்பு பாதுகாக்கப்பட்ட உயிரினம். உரிமம் இல்லாமல் அதை வீட்டில் வைத்திருப்பது குற்றம். 6 மீட்டருக்கு மேலும் வளரக்கூடிய அந்த இனம் குடும்பம் வாழும் வீட்டுக்கு ஏற்றதும் அன்று. பால் பைத்தான் (ball python) என்று கடைகளில் விற்கப்படும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு பெரும்பாலும் ஒன்றரை மீட்டருக்குள் நின்றுவிடும், குணத்திலும் சாது. ஆனால் நல்ல பராமரிப்பில் 20 ஆண்டுகளுக்கு மேல் வாழும். எந்த இனமானாலும், பணம் கொடுப்பதற்கு முன் பெர்ஹிலித்தான் அலுவலகத்தில் உரிம நிலையைக் கேட்டறிந்து, தாள்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். விஷப்பாம்பை வீட்டில் வளர்ப்பதை நான் எந்த நிலையிலும் ஏற்க மாட்டேன்.

கூண்டை வரவேற்பறையில் வைக்க வேண்டாம். ஆள் நடமாட்டம் குறைந்த, கதவைப் பூட்டக்கூடிய அறையே பொருத்தமானது. பாம்பு இரவு முழுவதும் மூக்கால் மூடியை நெம்பிப் பார்க்கும். இடுக்கு எங்கே இளகுகிறதோ அங்கே தலை நுழையும், தலை நுழைந்த இடத்தில் உடலும் நுழைந்துவிடும். ஆகவே கூண்டுக்குப் பூட்டு கட்டாயம். பால் பைத்தானுக்குக் கூண்டின் ஒரு பக்கம் 31 முதல் 33 பாகை செல்சியஸ் வரையிலும், மறுபக்கம் 26, 27 பாகையிலும் இருக்க வேண்டும். தகரக் கூரை போட்ட பழைய லயத்து வீடுகளில் நண்பகல் வெப்பமே ஆபத்தாகிவிடும் என்பதால், இரு பக்கமும் வெப்பமானி வைத்துப் பார்த்த பிறகே சூடேற்றும் கருவி தேவையா என்று முடிவு செய்யுங்கள்.

இனி விருந்தினர். தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புக்கு அழைக்கும்போதே பாம்பைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். வண்டி வாசலில் வந்து நின்ற பிறகு சொன்னால், திரும்பிப் போக மனமில்லாமல் பயத்தோடு உட்கார்ந்திருப்பார்கள். புலனத்தில் (வாட்ஸ்அப்) இப்படி எழுதலாம்: "அத்தை, வணக்கம். எங்கள் வீட்டில் விஷமில்லாத பாம்பு ஒன்றை வளர்க்கிறோம். பின்னறையில், பூட்டிய கூண்டில் இருக்கும். நீங்கள் இருக்கும்போது வெளியே எடுக்க மாட்டோம். அப்படியும் உங்களுக்குச் சங்கடமாக இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள், நாங்களே உங்கள் வீட்டுக்கு வந்துவிடுகிறோம்." அந்தக் கடைசி வரி மிகவும் அவசியம், வர மறுப்பதற்கு மரியாதையான வழியை அது திறந்து வைக்கிறது. கேட்காதவர்களுக்குப் பாம்பின் படத்தை அனுப்பாதீர்கள். படத்தைப் பார்த்தாலே உடல் நடுங்குகிறவர்கள் உண்டு.

ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள், கர்ப்பிணிகள், முதியவர்கள், நோயெதிர்ப்பு ஆற்றல் குறைந்தவர்கள் ஆகியோர் வருவதாக இருந்தால் இன்னொரு செய்தியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நலமாகத் தோன்றும் பாம்பின் கழிவிலும் தோலிலும் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். இவர்களை அது கடுமையாகப் பாதிக்கும். இவர்கள் பாம்பையோ கூண்டையோ தொடாமல் இருப்பதே நல்லது. இரைக்கு வாங்கும் உறைந்த எலியிலும் அக்கிருமி உயிரோடு இருக்கும் என்பதால், அதைச் சமையல் பொருள்களோடு ஒரே குளிர்பெட்டியில் வைக்கவோ, பாம்பின் தண்ணீர்க் கிண்ணத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவவோ கூடாது.

பார்க்க விரும்பும் பிள்ளைகள் இருப்பார்கள். பெற்றோரிடம் அனுமதி கேட்ட பிறகே பிள்ளையிடம் பேசுங்கள். இரை விழுங்கி இரண்டு நாள் ஆகியிருக்க வேண்டும். தோலுரிக்கும் காலத்தில் பாம்பின் கண் பால் கலந்த நீலமாக மங்கிவிடும். பார்வை தெளியாததால் அது எளிதில் மிரளும். அப்போது யார் கேட்டாலும் வெளியே எடுக்க வேண்டாம். மற்ற நாள்களில் பிள்ளையைத் தரையில் உட்கார வைத்து, பாம்பின் தலைப்பகுதி உங்கள் பக்கம் இருக்குமாறு இரு கைகளாலும் தாங்கிக்கொண்டு, முதுகின் நடுப்பகுதியை இரண்டு விரலால் தடவச் சொல்லுங்கள். படத்துக்காகக் கழுத்தில் போட்டுவிட வேண்டாம். சோப்புப் போட்டுக் கைகழுவிய பிறகுதான் பிள்ளை முறுக்குத் தட்டைத் தொட வேண்டும்.

பக்தியோடு பார்க்க வருகிறவர்களும் உண்டு. நாகம்மாவை வணங்கி வளர்ந்தவர்கள் பாலும் குங்குமமும் கொண்டுவந்தால் முகம் சுளிக்காமல் வாங்கிச் சாமி மேடையில் வையுங்கள். பால் பாம்பின் உணவன்று, சாம்பிராணிப் புகை அதன் மூச்சுக்கு ஒவ்வாது என்பதைப் பணிவாக எடுத்துச் சொல்லுங்கள். பெரும்பாலோர் புரிந்துகொள்வார்கள்.

மின்பழுது பார்ப்பவரும் குழாய் வேலைக்காரரும் விருந்தினரே. வேலை பேசும்போதே அவர்களிடமும் சொல்லிவிட வேண்டும். டிங்கிக் கொசுவுக்குப் புகையடிக்க வரும் சுகாதாரப் பணியாளரிடம் சொல்வது பாம்பின் உயிருக்கே தேவை. பூச்சிமருந்துப் புகை அதற்குக் கேடு என்பதால், அதைத் துணிப்பைக்குள் விட்டுக் காற்றோட்டமுள்ள பெட்டியில் வைத்து, புகை அடங்கி வீடு காற்றாடும்வரை வேறிடத்தில் வைத்திருங்கள்.

அண்டை வீட்டாருக்கு, அவர்கள் சம்மதித்தால், பாம்பின் படத்தையும் உங்கள் தொலைபேசி எண்ணையும் கொடுத்து வையுங்கள். அதோடு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். நீங்கள் பாம்பு வளர்ப்பது ஊருக்குத் தெரிந்த பின், கால்வாயோரம் நெளியும் எதையும் "அது அவங்க வீட்டுப் பாம்பு" என்று யாராவது கையால் பிடிக்கப் போகலாம். அது கண்ணை நோக்கி விஷம் உமிழும் நாகமாக இருக்கக்கூடும். ஆகவே எந்தப் பாம்பைக் கண்டாலும் விலகி நின்று, 999 எண்ணில் உதவி கேட்டுவிட்டு உங்களுக்கும் சொல்லும்படி கேட்டுக்கொள்ளுங்கள்.

கூண்டு வெறுமையாகக் கிடந்தால் உடனே கதவுகளையும் நீர்போக்குத் துளைகளையும் அடைத்து, குளிர்பெட்டியின் பின்புறம், துணி துவைக்கும் இயந்திரத்தின் அடி, காலணி அடுக்கு ஆகிய இறுக்கமான இடங்களைத் தேடுங்கள். இரவில் தரையில் மெல்ல மாவு தூவி வைத்தால் ஊர்ந்த தடம் தெரியும். வெட்கப்பட்டுக்கொண்டு அண்டை வீட்டாரிடம் மறைக்காதீர்கள். பாம்பு கிடைத்ததும் அதே வீடுகளுக்கு அன்றே தகவல் சொல்லிவிடுங்கள். அதுவரை அவர்கள் பிள்ளைகளை வாசலில் விளையாட விடாமல் வைத்திருப்பார்கள்.